நரசிம்மன் சாரின் கம்ப்யூட்டர் பேசிய ஞாயிற்றுக்கிழமை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோது ஒன்று தீர்மானித்துக்கொண்டேன். மதர்போர்டு, மெமரி என்று ஆரம்பிக்கக் கூடாது. நான் கழற்றி மாட்டிய சாமான்களில் பாதியை நீங்கள் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் போய், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைத் திறந்து போட்டுவிட்டு, மறுபடி மூடும்வரை ஒரு பயம் இருக்கிறதே, அது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கும். என் முதல் அப்கிரேடு வேலையைச் சொல்கிறேன். அதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸ் சென்னையாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மேற்கு மாம்பலத்திலிருந்து ரயில்வே லைனைத் தாண்டி, தி. நகரில் ஒரு மாடியில் இருந்த சின்ன கம்ப்யூட்டர் கடைக்கு நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சர்வீஸுக்கு இரண்டே பேர், மல்லிகாவாகிய நானும் சலீமும்தான். சலீம் மயிலாப்பூர்ப் பையன், என் வயதுதான். தையல்கடைக் குடும்பம் என்பதால் ஸ்க்ரூடிரைவரைக்கூட ஊசியைப் பிடிப்பதுபோல நாசூக்காகப் பிடிப்பான். இரண்டு பேருமே பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுப்பது, கீபோர்டைத் துடைப்பது என்று இருந்தவர்கள். அப்கிரேடு என்றால் பெட்டி, மானிட்டர் எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பழைய சரக்கை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது. முதலாளி செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு நாள் மதியம் சுதா என்ற பெண் கடைக்கு வந்தாள். அடையாறில் ஒரு ஆபீசில் வேலை. வந்ததும் விலை கேட்கவில்லை. "ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் பேசுமா?" என்றாள்.

அவளுடைய அப்பா நரசிம்மன், ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் இந்தியிலும் ஊருக்கே சொன்ன குரல். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. யோசனையில் ஒரு குறையும் இல்லை, வாயில்தான் வார்த்தை உருவாகாது. சுதாவின் ஆபீசில் கழித்துக் கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவர் இடது கையின் ஒரு விரலால் தட்டுவார், வீட்டில் இருப்பவர்கள் திரையைப் பார்த்துப் படிப்பார்கள். அவருடைய பேச்சு அதுதான்.

"திரையில படிக்கறதுக்குப் பதிலா அதுவே வாய்விட்டுச் சொன்னா நன்னா இருக்கும்னு அப்பா டைப் பண்ணினார்," என்றாள் சுதா. "அடுத்த ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வரா. அதுக்குள்ள முடியுமா?"

அப்போதுதான் எங்கள் கடைக்குச் சவுண்ட் கார்டுகள் வர ஆரம்பித்திருந்தன. அதோடு கொடுக்கும் சாஃப்ட்வேரில், இங்கிலீஷில் அடித்ததை வாசித்துக் காட்டும் ஒன்றும் இருந்தது. ஆனால் அந்தப் பழைய மெஷினில் அது ஓடாது. மதர்போர்டு, பிராசசர், மெமரி எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். முதலாளி ஊரில் இல்லை. நானும் சலீமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சலீம்தான் முதலில் வாய் திறந்தான். "பண்ணிரலாங்க," என்றான்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. காலையிலேயே போய்விட்டோம். கூடத்தில் ஜன்னலோரமாகக் கம்ப்யூட்டர், அதற்கு எதிரே நாற்காலியில் நரசிம்மன் சார். வெள்ளை வேட்டி, நேர்வகிடு. அவர் மனைவி ஜெயா மாமி எங்களைப் பார்த்து, "ரெண்டும் சின்னக் கொழந்தைகளா இருக்கேடி சுதா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எங்கள் காதில் விழுந்தது.

இன்னொருவரும் அங்கே இருந்தார். மாமியின் தம்பி சேஷாத்ரி. பக்கத்துத் தெருதான். அக்கா புருஷனுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து ஆஸ்பத்திரி, மருந்து, பென்ஷன் என்று எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருந்தவர். நல்ல மனுஷர். அவரிடம் ஒரே ஒரு வழக்கம். நரசிம்மன் சார் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தால் போதும், "அத்திம்பேர் சொல்றது என்னன்னா..." என்று ஆரம்பித்துவிடுவார். இரண்டு வருடமாக அந்த வீட்டில் அத்திம்பேர் சொன்னதாக வெளியே போனதெல்லாம் சேஷாத்ரி மாமா சொன்னதுதான்.

வேலையை ஆரம்பித்தோம். பழைய போர்டைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி ஓரமாக வைத்தேன். புதுப் போர்டில் பிராசசரை உட்காரவைத்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஜம்பர்களைச் செருகினோம். ஜம்பர் என்பது அரிசி அளவுக்கு ஒரு கறுப்பு மூடி. இந்த போர்டில் எந்த பிராசசர் என்பதை அந்தக் குட்டி மூடிகளை எங்கே செருகுகிறோம் என்பதை வைத்துத்தான் மெஷின் தெரிந்துகொள்ளும். பிறகு போர்டைச் சாய்த்துப் பெட்டிக்குள் இறக்கினோம். மெமரி, சவுண்ட் கார்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டிவிட்டு சலீம் சுவிட்சைப் போட்டான்.

மின்விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டோம். மெமரியைக் கழற்றிச் செருகினோம். கார்டை வேறு இடத்தில் மாட்டினோம். கேபிளைத் திருப்பினோம். ஒன்றும் நடக்கவில்லை. மாமி கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டியது.

நரசிம்மன் சார் அடிக்கடி ஏதோ சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார். "அத்திம்பேர் சொல்றது என்னன்னா, எவ்வளவு நாழியாகும்னு கேக்கறார்," என்றார் சேஷாத்ரி மாமா. சார் தலையை ஆட்டி, இடது கையால் எங்கேயோ காட்டி மறுபடி சத்தம் எழுப்பினார். "ஓ, ஃபேனைப் போடணுமா?" ஃபேன் ஓடியது. மறுபடி சத்தம். "மாத்திரை வேளையோன்னா?" என்று மாமி எழுந்து போனார்.

சலீம் விடுவதாக இல்லை. "இன்னும் ஒரே ஒரு தபா மல்லிகா. பிராசசரை எடுத்து வச்சுப் பாக்கலாம். இல்லாங்காட்டி ஹார்டு டிஸ்க்கை அழிச்சுப் புதுசா போட்டுடலாம். கிட்ட வந்துட்டோம், எனுக்குத் தெரியுது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும். மாட்டிக்கொண்ட நேரத்தில் எல்லாருக்கும் அடுத்த ஒரு முயற்சியில் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். அந்த அடுத்ததற்கு அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்து, கடைசியில் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

அப்போது தற்செயலாகத் திரும்பி நரசிம்மன் சாரைப் பார்த்தேன். அவருடைய இடது கை நாற்காலியின் கைப்பிடி மேல் இருந்தது. ஆள்காட்டி விரல் கட்டையின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் தட்டி, கொஞ்சம் நகர்ந்து, இன்னொரு இடத்தில் தட்டி. சும்மா தாளம் போடுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அவர் கீபோர்டே இல்லாத இடத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் திருகு திருகாகக் கழற்றி மேஜையில் பரப்பி வைத்திருந்தது அவருடைய வாயை.

"சலீம், எல்லாத்தையும் கழட்டு. பழைய போர்டை மாட்டலாம்," என்றேன்.

"இன்னா சொல்றே? வேலையே முடியலியே."

"வேலை முடியறது அப்புறம். மொதல்ல அவர் பேசட்டும்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கழற்றினான். ஆனால் கை சுத்தம், பழையதைப் பழையபடியே மாட்டினான். ஹார்டு டிஸ்க்கில் கை வைக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. சுவிட்சைப் போட்டதும் பழைய மெஷின் இருமிக்கொண்டு எழுந்தது. நாற்காலியைத் தள்ளி சாரைக் கீபோர்டுக்கு முன்னால் கொண்டுவந்தோம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பது அவர் பழக்கம். ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் வர வர, ஜெயா மாமி பின்னால் நின்று உரக்கப் படித்தார்.

"கறுப்பா... குட்டியா... ஒண்ணு... விழுந்தது. பீரோ அடியில போச்சு."

சலீம் பீரோவைத் திரும்பிப் பார்த்தான். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"காபி ஆறிப்போச்சு. பசங்களுக்கு வேற போட்டுக் குடு."

சலீம் தரையில் படுத்து, மாமி கொடுத்த துடைப்பக்குச்சியால் பீரோவின் அடியைத் துழாவினான். தூசியோடு ஒரு ஜம்பர் உருண்டு வந்தது. போர்டைச் சாய்த்து இறக்கியபோது கழன்று விழுந்திருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரே ஒருவர் பார்த்திருக்கிறார். அப்போதிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் ஃபேனுன்னு நெனச்சேன்," என்றார் சேஷாத்ரி மாமா. அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

புதுக் காபியைக் குடித்துவிட்டு, ஜம்பரை அதன் இடத்தில் செருகி மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை ஒவ்வொன்றாக. முதலில் போர்டும் மெமரியும் மட்டும், திரை வந்தது. மெமரி எவ்வளவு என்று அதிலேயே எண்ணிக் காட்டியது. பிறகு ஹார்டு டிஸ்க். கடைசியில்தான் சவுண்ட் கார்டு. கடையிலிருந்து புதுக் கீபோர்டும் கொண்டுவந்திருந்தோம், பளபளவென்று. அதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். எழுத்தெல்லாம் தேய்ந்துபோன பழைய கீபோர்டின் மேல் சார் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். புதியதைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டேன். ஒருவருடைய கை ஒன்றைப் பழகிவைத்திருந்தால் அது நமக்கு எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். புதிது தருகிறோம் என்ற பெருமை நமக்குத்தான். அதை முதலிலிருந்து பழக வேண்டிய பாடு அவர்களுக்கு.

சாயங்காலம் நாலரை வாக்கில் அந்த மெஷின் முதன்முதலாகப் பேசியது. அமெரிக்க ஆம்பிளைக் குரல், ஜலதோஷம் பிடித்த மாதிரி. மாமி இரண்டடி பின்னால் போய்விட்டார். சலீம், "இன்னா சார், ஃபாரின் போய் வந்த மாதிரி கீறீங்க," என்றான். நரசிம்மன் சார் சிரித்தார். முகத்தின் ஒரு பாதிதான் சிரித்தது, ஆனால் சிரிப்பு முழுசாகவே இருந்தது.

தமிழை அதன் வாயில் வைத்தால் கடித்துத் துப்பியது. மகள் பெயரைக்கூட "சடா" என்றுதான் சொன்னது. அடுத்த நாலைந்து நாளும் அவருக்கு அதே வேலை. எழுத்தைக் கூட்டி, குறைத்து, அங்கே ஒன்று இங்கே ஒன்று சேர்த்து, மெஷின் ஒருவழியாக "சுதா" என்று சொல்லும்வரை விடவில்லை. மாப்பிள்ளை என்ற வார்த்தையைக் கைவிட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷில்தான் பேசுவது என்று முடிவாயிற்று.

என்னை வரச்சொன்னதும் அவர்தான். மெஷின் மக்கர் பண்ணினால் பார்க்க ஆள் வேண்டுமாம். சலீமுக்கு அன்றைக்கு ஒரு சொந்தக்காரர் நிக்காஹ். நான் மட்டும் நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, கைப்பையில் ஸ்க்ரூடிரைவரோடு போனேன். போன பிறகுதான் சமையலறையில் சுதா விஷயத்தைச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று பையனின் அம்மா முன்கூட்டியே கேட்டிருக்கிறார். நல்ல இடம் கைநழுவிவிடக் கூடாதே என்று சேஷாத்ரி மாமா, "அத்திம்பேருக்கும் அதுதான் அபிப்பிராயம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"உனக்கு?" என்று கேட்டேன்.

"என்னை யாரும் கேக்கலை," என்றாள் சுதா. "அப்பா மட்டும் கேட்டார். டைப் பண்ணி."

வடபழனியிலிருந்து அவர்கள் வந்தார்கள். பையன் ரவி, அப்பா, அம்மா, ஒரு பெரியப்பா. கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று, சுதா இன்னும் கூடத்துக்கு வரவில்லை. நரசிம்மன் சார் ஏற்கனவே அடித்துத் தயாராக வைத்திருந்த வாக்கியத்துக்கு விசையை அழுத்தினார்.

சத்தமே வரவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். சேஷாத்ரி மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்கு உடனே பெட்டியைத் திறக்கத்தான் கை பரபரத்தது. கொஞ்சம் நின்று யோசித்தேன். காலையில் பேசியதாம். காலைக்கும் இப்போதைக்கும் நடுவில் இந்தக் கூடத்தில் என்ன மாறியது? விருந்தாளிகளுக்காக ஒரு டேபிள் ஃபேன் வந்திருந்தது. அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனேன். ஸ்பீக்கரின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேனைச் செருகியிருந்தார்கள். மாற்றிச் செருகிவிட்டுத் தலையை வெளியே நீட்டினால், எதிரே பையனின் பெரியப்பா.

"பொண்ணு ஏன் மேஜைக்கு அடியில இருக்கா?" என்று அவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அதற்கு எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் மெஷின் பேசிவிட்டது. "யுவர் கைண்ட் அட்டென்ஷன் ப்ளீஸ்."

மறுபடி சிரிப்பு. முப்பது வருடப் பழக்கம், அவருக்கு வேறு எப்படியும் ஆரம்பிக்கத் தெரியவில்லை. பிறகு அந்த ஜலதோஷக் குரல் நிதானமாகச் சொன்னது. சுதா கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள், அதில் இங்கே யாருக்கு ஆட்சேபம்?

பையனின் அம்மா சேஷாத்ரி மாமாவைப் பார்த்து, "நீங்க அன்னிக்கு வேற மாதிரின்னா சொன்னேள்?" என்றார்.

மாமா நெளிந்தார். "அத்திம்பேர் சொல்றது என்னன்னா..."

நரசிம்மன் சார் இடது கையை உயர்த்தினார். அது ரயிலை நிறுத்துகிற மாதிரி இருந்தது. மாமா அப்படியே நின்றுவிட்டார். சார் கையை இறக்கி, கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தார்.

எல்லாருடைய கண்ணும் திரை மேல். என்னுடையதும்தான். பையன் ஒருவன்தான் திரையைப் பார்க்கவில்லை. ரவி எழுந்து வந்து சாருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை, பாதியில் ஊகித்துச் சொல்லவுமில்லை. பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கிற சாதாரண மரியாதைதான் அது. அந்த வீட்டில் இரண்டு வருடமாக அவருக்கு அது கிடைத்திருக்கவில்லை.

கடைசியில் விசையை அழுத்தினார். "ஐ ஆம் ஸ்பீக்கிங்," என்றது மெஷின்.

"சொல்லுங்கோ மாமா," என்றான் ரவி. "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லை. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா சுதாவும் ஒரு வார்த்தை சொல்லணும். என்னைப் பிடிச்சிருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது."

சமையலறை வாசலில் நின்றிருந்த சுதா, "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். பையனின் அம்மா காபி டம்ளரைக் கொஞ்சம் அழுத்தமாகவே கீழே வைத்தார். அன்றைக்கு ஒன்றும் நிச்சயமாகவில்லை. அந்த அம்மா மனம் இறங்கி வரச் சில வாரங்கள் ஆயின. சுதா யோசிக்கவும் அதே அளவு எடுத்துக்கொண்டாள். கல்யாணம் வடபழனியில் நடந்தது. நானும் சலீமும் போய்ச் சாப்பிட்டோம். தாலி கட்டின மூன்றாவது வாரம் சுதா ஆபீசுக்குப் போய்விட்டாள்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பெரிய மெஷின்களைப் பார்த்துவிட்டேன். அறை முழுக்க நிற்பவை, ஒரு நிமிஷம் நின்றாலே பத்துப் பேர் போனில் கத்துகிறவை. மாட்டிக்கொண்ட ஒவ்வொரு தடவையும், நாற்காலிக் கைப்பிடியில் தட்டிக்கொண்டிருந்த அந்த விரல்தான் எனக்கு ஞாபகம் வரும். மெஷினைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு யாருடையது என்று திரும்பிப் பார்ப்பேன். பல சமயம் விஷயம் அங்கேதான் இருக்கும்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, மானிட்டரில் கோடு விழுகிறது என்று சேஷாத்ரி மாமா கடைக்குப் போன் செய்தார். போனேன். கூடத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதே அமெரிக்கக் குரல் கேட்டது. முந்தின நாள் கிரிக்கெட்டில் யாரை முதலில் இறக்கியிருக்க வேண்டும் என்பது பற்றி இங்கிலீஷில் காரசாரமாகத் திட்டிக்கொண்டிருந்தது. மாமா ஸ்டூலில் உட்கார்ந்து பதில் சொல்லாமல், அடுத்த வாக்கியம் வரக் காத்திருந்தார். வந்தது. கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வாசல்வரை வந்தார். "ஒடம்பு நன்னா இருந்தப்போ தெனம் சாயங்காலம் எங்களுக்குச் சண்டைதாம்மா," என்றார். "இந்த ரெண்டு வருஷமா நானே பேசி, நானே ஜெயிச்சிண்டு இருந்தேன். இன்னிக்குத்தான் தோத்தேன்."

சொல்லிவிட்டு, கோடு விழுந்த மானிட்டரை நான் சரிசெய்து முடிக்கும்வரை பொறுக்க முடியாதவராக, மறுபடி போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.